வட்டி யார் கணக்கில்?

போன வருடம் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு தங்கை போன் செய்தாள். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. காலையில் உதவிபெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதி. அதே கட்டடம், அதே ஆய்வுக்கூடம், கட்டணம் மட்டும் வேறு. "ஸ்காலர்ஷிப் உன் அக்கவுண்ட்ல ஏறினா கொண்டாந்து கட்டு, அப்புறம் ஹால் டிக்கெட்" என்றது அலுவலகம். அவள் அப்பா கொத்தனார். வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியிலும் கட்டாயக் கட்டணம் கேட்கக் கூடாது என்கிறது 2012இன் அரசாணை 92. நாங்கள் நகலோடு போய்ச் சேர்வதற்குள் பணம் கட்டியாகிவிட்டது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. 60 சதவீதம் ஒன்றியத்தின் பங்கு. அது நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும். நல்லதுதானே என்று தோன்றும். போலிப் பெயர்களில் பணம் சுருட்டிய கல்லூரிகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் என்ன மாறியது என்று பாருங்கள். முன்பு பாக்கி என்றால் அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே. இப்போது கல்லூரியின் கண்ணுக்கு மாணவிதான் பாக்கிதாரர். அரசு தாமதிக்கும், அவள் கவுன்ட்டரில் நிற்பாள்.

சந்தைச் சீர்திருத்தம் என்றால் தனியார் பல்கலைக்கழகம் வருவது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான். பொதுக் கல்லூரிக்குள்ளேயே மாணவரை வாடிக்கையாளராக்கும் கணக்கு முறை சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. பல்கலைக்கழகங்களுக்கும் இதே பாடம்தான்: 2017இல் ஒன்றிய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய ஹெஃபா, கட்டடத்துக்கு மானியம் இருந்த இடத்தில் கடனை வைத்தது. கடன் வாங்கிய நிறுவனத்துக்குக் கட்டணத்தின் மேல்தானே கண் போகும்?

புதுக் கவலையும் இல்லை இது. கல்விச் செலவைக் கட்டணமாக மாணவர்களிடமே வசூலிக்கும் போக்கை 1927இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் பாபாசாகேப் கண்டித்திருக்கிறார்.

தோழர்களே, ஹால் டிக்கெட்டோ டி.சி.யோ தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் மிரட்டுகிற பல அலுவலகங்கள் எழுத்தில் தராது. அரசாணை நகலை இணைத்து முதல்வருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அன்றே மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அந்தத் தங்கைக்குத் தொகை பிப்ரவரியில் ஏறியது. அப்பா கட்டிய மூன்று மாத வட்டிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.