தண்ணீர் பாட்டிலில் டர்பன்டைன்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஓவிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினோரு வயதுப் பையன் ஒருவன் தாகத்தில் பக்கத்து மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டான். மினரல் வாட்டர் பாட்டில்தான். ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை. உள்ளே இருந்தது டர்பன்டைன், எண்ணெய் வண்ணத்தை இளக்கவும் தூரிகை கழுவவும் ஓவியர்கள் புழங்கும் கரைப்பான். வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவி முந்தின நாள் பெயின்ட் கடையில் அரை லிட்டர் வாங்கியிருந்தாள். பெரிய கேனிலிருந்து ஊற்றித் தருவார்கள். பாத்திரம் கொண்டுபோகாவிட்டால் கடையில் கிடக்கும் காலி பாட்டிலில் பிடித்துக் கொடுப்பார்கள்.

ஒரு வாய்தான். உடனே துப்பிவிட்டான். ஆனால் இருமல் நிற்கவில்லை. கீழ்வீட்டு மாமி உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார், வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. எதையும் கொடுக்காமல் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டர்பன்டைன், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாமே வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் எமன். விழுங்கும்போதோ, வாந்தியோடு மேலேறும்போதோ ஒரு துளி மூச்சுக்குழாயில் இறங்கினால் போதும், நுரையீரல் புண்ணாகிவிடும். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். பையன் இரண்டு நாள் படுக்கையில் இருந்து நல்லபடியாக வீடு திரும்பினான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து என் வகுப்பில் டர்பன்டைன் கிடையாது. எண்ணெய் வண்ணம் மட்டும் உண்டு. அது எப்படி முடியும் என்று ஓவியர்களே கேட்கிறார்கள். முடியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவுவார். பிறகு மரத்தூள் போட்டுத் தேய்ப்பார். அதற்கு மேல் பார் சோப்பு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். ஃபிளெக்ஸ் வந்து வேலை போனபோது அவருக்கு வயது ஐம்பத்தி நான்கு. அறுபதில் பெயர்கள் மறக்கத் தொடங்கின. முப்பத்தைந்து வருஷம் சுவாசித்த ஆவிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டதில்லை.

என் கதையும் ஏறத்தாழ அதே. முப்பது வயதுவாக்கில் தினமும் சாயங்காலம் தலைவலி வந்தது. வெயில் என்றார்கள், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் “நீங்க என்னம்மா வேலை செய்யறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “ஜன்னலைத் திறந்து வெச்சிருப்பீங்களா?” என்றார். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கில் ஆகும். ஈரக் கேன்வாஸில் தெருப்புழுதி ஒட்டிவிடும். அதனால் பத்துக்குப் பத்து அறையின் இரண்டு ஜன்னலையும் சாத்திவிட்டு, வாய் அகன்ற டப்பாவில் டர்பன்டைனை ஊற்றி, நாளெல்லாம் அதன் மேல் குனிந்தபடி வரைந்துகொண்டிருந்தேன். மேலே மின்விசிறி வேறு. அது ஆவியை வெளியேற்றாது, அறைக்குள்ளேயே சுற்றவிடும். நோயாளியிடம் தொழில் என்ன என்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் இத்தாலியின் பெர்னார்டினோ ரமாசினி. 1700-இல் வெளிவந்த அவருடைய தொழில் நோய்கள் பற்றிய நூலில் ஓவியர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முந்நூறு வருஷப் பழைய கேள்வி எனக்கு மூன்றாவது டாக்டரிடம்தான் கிடைத்தது.

டர்பன்டைன் போன்ற கரைப்பான்கள் கொழுப்பில் கரைபவை. மூச்சில் நுழைந்தவை ரத்தம் வழியாக மூளைக்குப் போகின்றன. தோல் வழியாகவும் ஓரளவு இறங்குகின்றன. முதலில் தலைசுற்றல், குமட்டல், கண் எரிச்சல். வருஷக்கணக்கில் அதிகமாகப் பட்டால் ஞாபகம், கவனம், மனநிலை எல்லாம் கெடும். 1970-களில் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வீட்டுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். பெயின்டர் நோய் என்ற பெயரே வந்துவிட்டது. அவர்கள் நாளெல்லாம் லிட்டர் கணக்கில் புழங்கியவர்கள். கேன்வாஸ் முன்னால் உட்காரும் ஓவியர் புழங்குவது அதில் சிறு பங்குதான். அதனால் பீதி வேண்டாம். ஆனால் நம் அறைகள் சிறியவை, உட்காரும் நேரம் நீளம். பக்கத்தில் குழந்தை தூங்கும் வீடுகளும் உண்டு.

பைன் மரத்திலிருந்து வருவதுதானே, இயற்கையானதுதானே என்பார்கள். இமயமலைச் சரிவுகளில் சிர் பைன் மரத்தைக் கீறி எடுக்கும் பிசினைக் காய்ச்சி வடித்தது நம் நாட்டு டர்பன்டைன். அதில் கரீன் என்ற பொருள் நிறைய உண்டு. காற்றுப் பட்டுப் பழசாகும்போது அதிலிருந்து உண்டாகும் பொருள்தான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பாதி தீர்ந்து மாதக்கணக்கில் கிடக்கும் பாட்டில் புதிதைவிட மோசம் என்பது இதனால்தான். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலே கை தடிக்கும். பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதோ பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எம்.டி.ஓ. வாசனை நீக்கியது என்று விலை கூடிய ஒன்றும் விற்கிறது. அதில் நச்சு அதிகமுள்ள சில பகுதிகளை எடுத்துவிடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் மீதி ஆவி அப்படியே இருக்கிறது, எச்சரிக்க வாசனைதான் இல்லை. எல்லாவற்றிலும் மோசம், காசு குறைவு என்று மாணவர்கள் தூரிகை கழுவ வாங்கும் என்.சி. தின்னர். டொலுவீன் கலந்தது அது. ஓவிய அறைக்குள் அதற்கு இடமே இருக்கக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் வண்ணம் காய்வதற்கும் டர்பன்டைனுக்கும் சம்பந்தமில்லை. டர்பன்டைன் ஆவியாகிப் போய்விடும். வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அந்த இறுகல்தான் ஓவியம். முதல் பூச்சை மெல்லியதாகப் போட டர்பன்டைன் வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் முரட்டுத் தூரிகையில் வண்ணத்தைக் கொஞ்சமாகத் தொட்டு, எண்ணெயே சேர்க்காமல், துணியால் அழுத்தித் தேய்த்துப் போடுகிறேன். அவசரமென்றால் அடிப்பூச்சை அக்ரிலிக்கில் போட்டு, நன்றாகக் காய்ந்ததும் மேலே எண்ணெய் வண்ணம். மாற்றிச் செய்யக் கூடாது. எண்ணெய்மேல் அக்ரிலிக் ஒட்டாது.

தூரிகைக்கும் வழி இருக்கிறது. முதலில் பழைய துணியில் வண்ணம் போகும் மட்டும் பிழியுங்கள். முக்கால்வாசி அதிலேயே போய்விடும். பிறகு சமையலறைச் சூரியகாந்தி எண்ணெயில் தோய்த்து, மறுபடி துடைத்து, இன்னொரு முறை தோய்த்துத் துடைத்தால் துணியில் நிறம் வருவது நிற்கும். அதன்பின் ஈரமான பார் சோப்பில் தூரிகையைச் சுழற்றிச் சுழற்றி, நுரை வெள்ளையாக வரும்வரை கழுவ வேண்டும். சோப்பை விட்டுவிடாதீர்கள், சமையல் எண்ணெய் முடிக்குள் தங்கினால் மறுநாள் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் கழுவுகிறேன். முடி முன்பைவிட மென்மையாக இருக்கிறது, என் கையும்தான்.

டர்பன்டைன் இல்லாமல் முடியாது என்பவர்கள் டப்பாவை மூடியே வையுங்கள். காற்று முதுகுப்பக்கம் நுழைந்து கேன்வாஸைத் தாண்டி எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாக வெளியே போகும்படி ஈசலை நகர்த்துங்கள். கொரோனா காலத்து என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது, அது தூசிக்கு. காய்ந்த ஓவியத்தை உப்புக்காகிதத்தால் தேய்ப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும், காட்மியமும் ஈயமும் தூளாகப் பறக்கும். இன்னொன்று, டர்பன்டைன் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பம் சுமார் 35 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் மொட்டைமாடி அறை அதைத் தாண்டிவிடும். கரண்ட் போனால் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள்.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்பன்டைனை விட்டவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளிப்படும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்த துணியில் உள்ளேயே சேர்ந்து தானாகத் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 இரவு ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா எரிந்தது. மரவேலை செய்தவர்கள் 22-ஆம் மாடியில் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீ அது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். என் வீட்டில் துணிகளைக் கொடிக்கம்பியில் ஒன்றோடொன்று படாமல் காயப்போடுகிறோம். மழை நாளில் தண்ணீர் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் அமுக்கி மூடிவிடுவோம்.

இதெல்லாம் தனி ஆள் செய்வது. ஓவியக் கல்லூரிகளில் முதல் வருஷம் சேருகிற பிள்ளைக்கு வண்ணம் கலக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இதைச் சொல்ல வேண்டும். வகுப்பறைகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். ஓவியப் பொருளில் நாள்பட்ட கேடு இருந்தால் அதை மேலேயே அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 1988-இல் சட்டம் போட்டது. நம் நாட்டிலும் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது. சில்லறையில் ஊற்றித் தரும் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்ட வைப்பது அதைவிடவா கஷ்டம்?

போன வாரம் கேன்வாஸ் துணி வாங்க, அன்று டர்பன்டைன் விற்ற அந்தப் பெயின்ட் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பையன் டர்பன்டைன் கேட்டான். அண்ணாச்சி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்தார். “மேலே எழுதிக் கொடுங்க அண்ணாச்சி” என்றேன். “எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா” என்றார். “பதினோரு வயசுப் பையனுக்குத் தெரியலை” என்று அன்றைய கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கல்லாவிலிருந்து மார்க்கரை எடுத்து, பாட்டிலின் காகிதத்தைக் கிழித்துவிட்டு, பிளாஸ்டிக்மேலேயே பெரிதாக ‘விஷம்’ என்று எழுதி அந்தப் பையனிடம் கொடுத்தார்.