ஏணியின் முதல் படி

பார்லிமெண்டிலும் ராஜ்ய சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. லோக்சபையில் 454 பேர் ஆதரித்து ஓட்டளித்தார்கள். எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ராஜ்யசபையில் எதிர்ப்பே இல்லை. இவ்வளவு ஏகோபித்த சம்மதத்துடன் பிறந்த சட்டம், அடுத்து வந்த 2024 பொதுத் தேர்தலில் ஒரு பெண்ணுக்குக்கூட ஓர் ஆசனத்தைப் பெற்றுத் தரவில்லை. ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, அதைக் கொண்டு தொகுதி எல்லைகளைத் திருத்திய பிறகே ஒதுக்கீடு என்று அந்தச் சட்டத்திலேயே நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 2019-ல் 78 பெண்களைக் கண்ட லோக்சபை, 2024-ல் 74 பேரைத்தான் கண்டது. மொத்த ஸ்தானங்கள் 543.

இந்த மசோதா முதலில் பார்லிமெண்டுக்கு வந்தது 1996 செப்டம்பரில். அப்பொழுது பிரதமராக இருந்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த தேவ கௌடா. பின்னர் பல முறை கொண்டுவரப்பட்டு, பல முறை கிடப்பில் போடப்பட்டது. 2010 மார்ச்சில் ராஜ்யசபை நிறைவேற்றியும், லோக்சபை அதை எடுத்துக்கொள்ளாமலே காலாவதியாக விட்டது. ஒரு நல்ல காரியத்துக்கு எல்லாரும் தலையாட்டிக்கொண்டே அதை எவ்வளவு காலம் ஒத்திப்போட முடியும் என்பதற்கு இந்த 27 ஆண்டுகளே சாட்சி.

டில்லியைக் குறை சொல்வதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நாம் வாழும் இந்த ராஜ்யத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனெனில் பெண்களுக்கு அரசியல் ஏணியில் முதல் படியைப் போட்டுக் கொடுத்ததில் நாட்டுக்கே வழிகாட்டிய ராஜ்யங்களில் ஒன்று கர்நாடகம். பெண்கள் அடுத்த படியில் ஏற முடியாமல் நிற்பதும் இதே கர்நாடகத்தில்தான்.

ராமகிருஷ்ண ஹெக்டே முதல் மந்திரியாகவும் அப்துல் நஜீர் சாப் பஞ்சாயத்து ராஜ் மந்திரியாகவும் இருந்தபோது உருவான 1983-ம் ஆண்டுச் சட்டம், ஜில்லா பரிஷத்திலும் மண்டல் பஞ்சாயத்திலும் 25 சதவிகித ஸ்தானங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 1987-ல் அந்தச் சட்டப்படி தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 14,000 பெண்கள் மண்டல் பஞ்சாயத்துகளில் உறுப்பினர் ஆனார்கள். ‘இத்தனை பெண்களுக்கு எங்கே போவது?’ என்று கேட்டவர்களுக்குக் கிராமங்களே பதில் சொல்லிவிட்டன. ஸ்தல ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்கு என்பது நாடு முழுவதற்கும் சட்டமானது, இதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1993-ல்தான்.

2010-ல் கர்நாடகம் பஞ்சாயத்துகளில் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. 2015-ல் பெங்களூர் மாநகராட்சித் தேர்தலிலும் 198 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2014-ல் சாந்தகுமாரி, 2016-ல் பத்மாவதி, 2018-ல் கங்காம்பிகே என்று பெண்கள் மேயர் நாற்காலியிலும் அமர்ந்தார்கள். அப்பொழுது மேயர் பதவிக் காலம் ஓராண்டுதான் என்பது வேறு விஷயம். சட்டம் கதவைத் திறந்தது. பெண்கள் உள்ளே வந்தார்கள்.

சட்டம் திறக்காத கதவு எப்படி இருக்கிறது? 1962-ல் 208 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபைக்கு 18 பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 2023-ல், 224 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபைக்கு வந்தவர்கள் 10 பேர். சபை பெரிதாகியிருக்கிறது, பெண்களின் எண்ணிக்கை சுருங்கியிருக்கிறது. 1972 முதல் 1978 வரை குண்டலுபேட்டை நாகரத்தினம்மா சபாநாயகராக இருந்து அந்தச் சபையைத் திறம்பட நடத்தினார். 2023-ல் அமைந்த சட்டசபை வரையில் அந்த ஆசனத்தில் இன்னொரு பெண் அமரவில்லை. லோக்சபைக்குக் கர்நாடகம் அனுப்பும் 28 பேரில் 2024-ல் பெண்கள் மூவர். அந்த மூவரிலும் இருவர் ராஜ்ய மந்திரிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தகுதியற்றவர்கள் என்பது நம் வாதமல்ல. குடும்பத்தில் மந்திரி இல்லாத பெண்ணுக்கு அந்த வழி எங்கே என்பதே கேள்வி.

கட்சிகளைக் கேட்டால், ‘ஜெயிக்கக் கூடியவர்களுக்கே டிக்கெட்’ என்று பதில் வரும். பெண் நின்றால் ஓட்டு விழாது என்ற பேச்சு புதிதல்ல. 1926-ல், சென்னை மாகாணச் சட்டசபைக்கு மங்களூரில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்யாயா போட்டியிட்டார். தேர்தலில் நின்ற முதல் இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். பிரசாரத்துக்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. அப்படியிருந்தும் சொற்ப ஓட்டு வித்தியாசத்திலேயே தோற்றார். ஆண்களே பெரும்பாலும் ஓட்டளித்த காலத்தில் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு ஓட்டு விழுந்தது. 2023-ல் இந்த ராஜ்யத்தின் சுமார் 5.3 கோடி வாக்காளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். அந்தத் தேர்தலில் முக்கியக் கட்சி எதுவும் தன் வேட்பாளர்களில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெண்களுக்குத் தரவில்லை. பெண்களுக்கு இலவச பஸ் பிரயாணம், குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் என்றெல்லாம் வாக்குறுதிகள் வந்தன. அவற்றால் ஏழைக் குடும்பங்களுக்குப் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டு கேட்கும்போது நினைவுக்கு வரும் பெண், வேட்பாளர் பட்டியல் எழுதும்போது மறந்து போவானேன்?

பெண்கள் பதவிக்கு வந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் ஜில்லாவிலும் ராஜஸ்தானின் உதய்பூர் ஜில்லாவிலும் பஞ்சாயத்துகளின் செலவை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டஃப்லோவும் 2004-ல் வெளியிட்ட முடிவு இதற்குத் தக்க பதில். பெண் தலைவர்கள் இருந்த பஞ்சாயத்துகள் இரண்டு ஜில்லாக்களிலும் குடிநீருக்கு அதிகம் செலவிட்டன. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவளுக்குத்தான் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

பெண் கையெழுத்துப் போடுகிறாள், புருஷன் நிர்வாகம் நடத்துகிறான் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. மனைவி பெயரில் தேர்தலில் நின்று, சுவரொட்டியில் தன் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளும் கணவர்களை நம் வார்டுகளிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் இதற்குப் பெண்ணை மட்டும் பழிப்பது நியாயமல்ல. ஒதுக்கப்பட்ட வார்டு தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரு பெண் வேலை கற்றுக்கொண்டு, ஜனங்களிடம் நல்ல பெயரும் எடுக்கும் நேரத்தில், வார்டு கைமாறி விடுகிறது. அடுத்த முறை அவளுக்கே டிக்கெட் கொடுக்கக் கட்சிக்கு மனம் வருவதில்லை. சில வீடுகளில் இந்த மாற்றத்தை எதிர்பார்த்தே மனைவியை ஐந்து வருஷத்துக்கு நாற்காலியைக் காக்க வைக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஸ்தானங்களைச் சுழற்சி முறையில் ஒதுக்கலாம் என்றுதான் அரசியல் சட்டம் கூறுகிறது. எத்தனை தேர்தலுக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்று அது வரையறுக்கவில்லை. ஒரு வார்டைத் தொடர்ந்து இரண்டு தவணை பெண்களுக்கு விட்டால், முதல் தவணையில் கற்றது இரண்டாவதில் பயன்படும். வாய்ப்புக் கொடுத்தால் வேர் பிடிக்கும் என்பதற்குப் பம்பாயிலேயே சான்று இருக்கிறது. அங்கே 1997-ல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2002-ல் பொதுவாக விடப்பட்ட வார்டுகளில், மற்ற பொது வார்டுகளைக் காட்டிலும் பெண்கள் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு இருந்ததாக ரிகில் பவ்னானி என்ற ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்.

ஆனால் இவையெல்லாம் தேர்தல் என்று ஒன்று நடந்தால்தானே? பெங்களூர் மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஆயுள் 2020 செப்டம்பரில் முடிந்தது. வார்டு எல்லை, இட ஒதுக்கீட்டுப் பட்டியல், கோர்ட்டு வழக்கு, புதுச் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் வந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகள் தேர்தல் இல்லாமலே கழிந்தன. 2025 செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தானபோது, ஐந்தில் ஒன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. ஜில்லா, தாலுகா பஞ்சாயத்துகளின் கதையும் இதுவே. 2016-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2021-ல் முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் வரவில்லை. ஐந்தாண்டுக் காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியிருக்கிறது. இதில் ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த ஆண்டுகளில் மாறி மாறி ஆண்ட கட்சிகள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பெண்களுக்குப் பாதி என்பது நல்ல சட்டம். ஆனால் பூஜ்யத்தில் பாதி பூஜ்யமே.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மர்பி டவுனிலும் வாழும் உழைக்கும் குடும்பத்துப் பெண்ணுக்குச் சட்டசபைத் தேர்தல் எட்டாத உயரம். அதற்கு வேண்டிய பணமும் ஆள் பலமும் அவளிடம் இல்லை. வார்டு அப்படியல்ல. நான்கு தெரு நடந்தால் ஓட்டுக் கேட்டுவிடலாம். அவளை அறிந்தவர்களே அவளுக்கு ஓட்டளிப்பவர்கள். கன்னடமும் அவளுக்கு அந்நியமல்ல. சந்தையிலும் வேலை செய்யும் இடத்திலும் தினமும் பேசும் பாஷைதான். சாக்கடை அடைத்துக்கொண்டாலும், தெரு விளக்கு எரியாவிட்டாலும் நாம் தேடிப் போவது வார்டு கார்ப்பரேட்டரைத்தான். குடிநீர் வாரியம் தனி என்றாலும், தண்ணீர் வராத நாளில் முதல் முறையீடு அவரிடமே. அந்த நாற்காலி காலியாக இருந்தால், முறையிட வேண்டிய இடம் யாரோ ஓர் அதிகாரியின் ஆபீஸ் வாசலாகி விடுகிறது. அதிகாரி மாற்றலாகிப் போவார். ஜனங்களின் ஓட்டு அவரை ஒன்றும் செய்யாது.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்துவதை எந்த ராஜ்ய சர்க்காரும் தட்ட முடியாத கடமையாக்க வேண்டும். வார்டுப் பிரிவினையும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் கடைசி நேரத்து வேலையாக இருக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பதிலாகக் கணவரோ சகோதரரோ கூட்டத்துக்கு வந்தால், அவரை வெளியே உட்காரச் சொல்லும் துணிவு அதிகாரிகளுக்கு வேண்டும். மூன்றாவது, கட்சிகள் செய்ய வேண்டியது. பஞ்சாயத்திலும் மாநகராட்சியிலும் ஒரு தவணை நன்றாக வேலை செய்த பெண்களைத் தேடிப் பிடித்துச் சட்டசபைக்கு நிறுத்தட்டும். அதற்கு எந்த ஜனத்தொகைக் கணக்குக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வாக்காளர் பட்டியலில் வீட்டுப் பெண்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் கணவரானால், வேட்பாளர் எங்கே என்று கேளுங்கள். வார்டைப் பற்றி அந்த அம்மாளே பேசட்டும், கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் தெருவில் பொதுக் காரியத்துக்கு முன்னால் நிற்கும் பெண் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அவளைத் தேர்தலில் நிற்கச் சொல்லுங்கள். மேல் படியில் பெண்கள் இல்லையே என்று வருந்துகிறவர்கள், முதல் படியை யாரும் அகற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.