மாத்திரை உண்டு, கழிப்பறை எங்கே?

“நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள்.” இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்போருக்கு மருத்துவமனையில் கிடைக்கும் அறிவுரை இது. அறிவுரையில் தவறில்லை. ஆனால், பகல் முழுவதும் துணிக்கடையில் நின்றபடி விற்கும் பெண்ணிடமும், செங்கல் சூளையில் கல் அறுக்கும் பெண்ணிடமும் இதைச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதுவது அப்பட்டமான மோசடி.

அரசின் உயர் இரத்த அழுத்தச் சிகிச்சை நெறிமுறையில் அம்லோடிபினும் டெல்மிசார்டனும் போதாதபோது குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப்பெருக்கி சேர்க்கப்படுகிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை. மலிவான, நல்ல மருந்து. ஆனால் அடிக்கடி எழுந்து போகவேண்டும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. இருந்தால் மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும். அந்தப் பெண் என்ன செய்வார்? மாத்திரையை விடுவார், அல்லது தண்ணீரை விடுவார். மாத்திரையை விட்டால் பக்கவாதம் காத்திருக்கிறது. தண்ணீரை விட்டு, வரும் சிறுநீரையும் அடக்கினால் கிருமி பெருகுகிறது. தொற்று சிறுநீரகம் வரை ஏறுகிறது.

அழுத்தத்துடன் சர்க்கரையும் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கின்றன. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதில் அவற்றின் பயன் நிரூபணமானது. அதே வகை மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015 டிசம்பரில் எச்சரித்தது: சிறுநீர்த்தொற்றாகத் தொடங்கி இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் பரவிய 19 நேர்வுகள்; 19 பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள். பிறப்புறுப்புப் பகுதியில் சதை அழுகும் அரிய தொற்று பற்றி 2018இல் மற்றோர் எச்சரிக்கை வந்தது.

பெரிய ஆய்வுகளில் சிறுநீர்த்தொற்று குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லையே என்று நிறுவனங்கள் பதில் சொல்லும். உண்மைதான். அந்த ஆய்வுகள் எந்தச் செங்கல் சூளையின் வேலை நேரத்தை அளந்து பார்த்தன?

இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. விலை சரிந்தது, அதை வரவேற்போம். கூடவே எண்ணற்ற பிராண்டுகளும் கூட்டு மாத்திரைகளும் குவிந்தன. மருந்து விற்பனைப் பிரதிநிதியின் தலையில் இலக்கு ஏறியது. இந்த விற்பனைப் போட்டியில், மருத்துவர் நோயாளியிடம் “உங்கள் வேலையிடத்தில் கழிப்பறை உண்டா?” என்று கேட்க யார் நேரம் ஒதுக்குவார்கள்? நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் பரிசுகளைத் தடுக்க 2024 மார்ச்சில் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறைக்கும் சட்ட வலிமை இல்லை. புகாரை விசாரிப்பது நிறுவனங்களின் சங்கங்களே அமைக்கும் குழு. பாலுக்குப் பூனை காவல்! இதற்குச் சட்டம் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் சென்றது மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் சம்மேளனம்தான்; அரசல்ல.

போதுமான கழிப்பறை கட்டாயம் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948லேயே சொன்னது. சட்டத்தில் இருப்பது வேலையிடத்திற்குத் தானாக வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் முதலில் போராடியது கழிப்பறைக்காக. தண்ணீரே குடிக்காமல் வேலை செய்தவர்கள் அவர்கள். உட்காரும் உரிமை பிறகு வந்த கோரிக்கை. 2018இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு அதைச் சட்டமாக்கியது.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் தாமாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல், குளிர், விலாவில் வலி, எரிச்சல் என்றால் கடையில் ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்காமல், எடுக்கும் மருந்துகளின் பட்டியலோடு மருத்துவரிடம் செல்லவேண்டும். சில அழுத்த மாத்திரைகளோடு கோட்ரைமாக்சசோல் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணை நோயாளிகளும் அழைக்கலாம். நமது சங்கங்களோ, அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே கழிப்பறையையும் அதற்கான இடைவேளையையும் எழுதட்டும். கடைசிப் பக்கத்தில் அல்ல.