ஆரோக்கியப் பகுதி: வலியில்லாத மாரடைப்பு

மாரடைப்பு என்றதும், மார்பைப் பிடித்துக் கொண்டு துடிக்கும் ஒரு மனிதரே நம் மனக்கண் முன் தோன்றுகிறார். ஆனால் நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு அது எப்போதும் அவ்விதமே வருமென்ற நியதி கிடையாது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நரம்புகளைக் கெடுத்துவிடுவதால், இருதயத்தின் வலி உணரப்படாமலே போகலாம். திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணம் விளங்காத பெருஞ்சோர்வு ஆகிய இவையே அடையாளமாக இருக்கக்கூடும். வீட்டாரோ, "வாயுத் தொல்லைதான்" என்று தீர்மானித்துச் சுக்குக் கஷாயம் போடுகிறார்கள். கஷாயம் கொதிக்கும் நேரத்தில் இருதயத் தசை அழிந்து கொண்டிருக்கிறது.

காலந் தாழ்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பின்பும் இவர்களுக்குச் சங்கடம் அதிகம். இரத்தக் குழாய்கள் பல இடங்களில் சுருங்கியிருக்கும். இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக் கொள்வதும் இவர்களிடமே மிகுதி. சிறுநீரகம் முன்பே பழுதுபட்டிருப்பின், குழாய்களைப் படம் பிடிக்கச் செலுத்தும் மருந்தும் அதற்குப் பாரமாகலாம். மாரடைப்பினால் ஆஸ்பத்திரியில் சேருவோரில் நீரிழிவுக்காரர்களே அதிகமாக உயிரிழப்பதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

அப்படியானால், சர்க்கரையை உடனே இறக்கிவிட்டால் போதாதா? ஸ்வீடன் தேசத்து வைத்தியர்கள் இதைச் சோதித்தார்கள். 620 நோயாளிகளில் ஒரு சாராருக்கு முதலில் இன்ஸுலினும் குளுகோஸும் இரத்தத்தில் ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் இன்ஸுலின் ஊசி போட்டு வந்தனர். 1995-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் இவர்களில் இறந்தவர் 100-க்குச் சுமார் 19 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலோ 26 பேர். ஆனால் 2005-ல் வெளியான பெரிய சோதனையில் இந்த நன்மை மீண்டும் புலப்படவில்லை. 2009-ல் வெளியான வேறொரு சோதனையில், பல்வேறு நோய்களால் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்குச் சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடித்தபோது மரணம் சற்று அதிகமாகவே ஆயிற்று. ஆகவே சர்க்கரையை ஏறவிடுவதும் ஆகாது. அளவுக்கு மீறி இறக்குவதும் ஆகாது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. இது அயலார் வீட்டு விஷயம் அன்று. உங்கள் இல்லத்தில் நீரிழிவுள்ள பெரியவர் இருந்தால், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். மேற்சொன்ன குறிகள் கண்டால் 108-க்குத் தகவல் கொடுத்து, தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, "இவருக்கு நீரிழிவு உண்டு" என்று சொல்லி, இ.ஸி.ஜி. எடுக்கும்படி கேளுங்கள். மாரடைப்போ என்று அஞ்சிச் சென்று, வெறும் வாயுதான் என்று அறிந்து வீடு திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை.