முக்கால் இஞ்ச் மர்மம்

நம் ஊரில் நம்பக் கூடாத அளவுகள் சில உண்டு. 'இதோ, ரெண்டே நிமிஷம்' என்று போனில் சொல்கிற நண்பரின் நிமிஷம். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம்' என்கிற வீட்டு புரோக்கரின் தூரம். மூன்றாவது, 'முக்கால் இஞ்ச்' ப்ளைவுட்!

முக்கால் இஞ்ச் என்றால் கணக்குப்படி 19.05 மில்லிமீட்டர். கடையில் கேட்டால் பெரும்பாலும் வருவது 18. அரை இஞ்ச் என்றால் 12.7, வருவது 12. கால் இஞ்ச் 6.35, வருவது 6. மெட்ரிக் அளவுக்கு 1956-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. பலகை மாறிவிட்டது. நம்ம வாய்தான் மாறவில்லை.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் புத்தக அலமாரி செய்தார்கள். பக்கப் பலகையில் ரவுட்டர் மெஷினால் காடி எடுத்து, அதில் தட்டுகளைச் செருகுகிற வேலை. வீட்டுக்காரரே கடைக்குப் போய் முக்கால் இஞ்ச் பிட் வாங்கி வந்தார். காடி வெட்டித் தட்டைச் செருகினால், பொக்கை வாயில் போட்ட முறுக்கு மாதிரி அது பாட்டுக்கு ஆடுகிறது!

"என்னய்யா ஆசாரி, கை நடுங்குதா?" என்று கேட்டுவிட்டார் மனுஷர். முப்பது வருஷம் உளி பிடித்த கை அது. கூலியில் 200 ரூபாய் பிடித்தம் வேறு. ஆசாரி சண்டை போடவில்லை. "பலகையை அளந்து பாருங்க சார்" என்றார், அவ்வளவுதான். என் தம்பியின் பாலிடெக்னிக் வெர்னியரை வைத்துப் பார்த்தோம். பலகை 17.6. காடியோ 19-க்கு மேலே. 200 ரூபாய் திரும்பி வந்தது. சொன்ன வார்த்தை திரும்பி வருமா?

'ஒன்றரை மில்லிமீட்டர்தானே, பசையை ரொப்பினால் போச்சு' என்பீர்கள். வெள்ளைப் பசை என்ன சிமெண்ட்டா, இடைவெளியை அடைக்க? இரண்டு பலகையும் நெருங்கி உட்கார்ந்தால்தான் அது பிடிக்கும்.

சரி, எந்த பிட் வாங்குவது? பலகையை விடச் சின்னதாக! 18 பலகைக்கு 12 மில்லிமீட்டர் நேர் பிட் போதும். ஒரு தடவை ஓட்டினால் 12 காடி. பிறகு, பலகையின் கனத்தில் 12 போக மிச்சம் எவ்வளவோ (இங்கே 5.6) அவ்வளவு தூரம் கைடை நகர்த்தி இன்னொரு ஓட்டு. சின்னக் காடியைப் பெரிசாக்கலாம். பெரிய காடியைச் சின்னதாக்குகிற பிட் எந்தக் கடையிலும் கிடையாது.

முதலில் ஒரு வெட்டுத்துண்டில் ஓட்டிப் பாருங்கள். கையால் தள்ளினால் தட்டு உள்ளே போகணும். தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. மைக்கா உண்டு என்றால், ஒட்டின பிறகு அளக்கணும். இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் 18 பலகை 20 ஆகிவிடும். முக்கால் இஞ்ச் காடிக்குள் நுழையவே நுழையாது.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். வாய்க்கு முக்கால் இஞ்ச். அளந்தால் 23/32 இஞ்ச், அதாவது சுமார் 18.26 மில்லிமீட்டர். அந்த அளவுக்கென்றே தனி பிட் விற்கிறார்கள். அங்கேயும் எல்லாப் பலகையும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் ஆசாரி ஒரே காடிக்கு இரண்டு தடவை மெஷினை ஓட்டினால், 'வேலையை இழுக்கிறார்' என்று வாட்சைப் பார்க்காதீர்கள். அலமாரி ஆடாமல் நிற்பது அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான். அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். கை நடுங்காமல் கொடுங்கள்!