இரண்டு மணி நேரம்

உங்கள் மருமகள் சி.எஃப்.ஏ. பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாளா? சபாஷ்! ஆனால் சகோதரி, இது சாமானியப் பரீட்சை அல்ல.

பங்குகளையும் கடன் பத்திரங்களையும் எடைபோட்டுச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகுதிப் பட்டம் வேண்டாமா என்று அமெரிக்காவில் பெஞ்சமின் கிரஹாம் 1945-இல் கேட்டார். முதல் பரீட்சை 1963-இல் நடந்தது. எழுதியவர்கள் 284 பேர். இன்றோ உலகமெங்கும் எழுதுகிறார்கள்.

மொத்தம் மூன்று படிகள். முதற்படியில் 180 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிஷந்தான். ஒரு படிக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து மாதம்! பிள்ளை படித்தால் வீடே மூச்சுக் காட்டாமல் இருக்கும். மருமகள் படித்தால்? குக்கர் விசில் அவள் காதில்தான் விழும். வாசல் மணியும் அவளுக்காகவே அடிக்கும்.

புத்தகமும் கால்குலேட்டரும் காசு கொடுத்தால் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை வீடுதான் கொடுக்க வேண்டும்.

இப்பரீட்சையில் நாணயமும் ஒரு பாடம். தன் லாபத்தைவிட, நம்பிப் பணம் கொடுத்தவரின் நலனே முதலில் என்பது அதன் சாரம். அவள் அதைப் படிக்கட்டும்; அவளுடைய நேரத்தை அதே நாணயத்துடன் நாம் காப்பாற்றித் தருவோமே!