பாட்டிக்கு எதற்கு "நெட்"? செல்போன் கம்பெனிகளுக்கு ஒரு வியாபாரக் கணக்கு!

சிங்கவரம் ரங்கநாதர் மலை அடிவாரம். சனிக்கிழமை காலை. படியேறும் பக்தர்களுக்குத் துளசி மாலை விற்கிறார் ஒரு பாட்டி. சுருக்குப் பைக்குள் வெற்றிலை பாக்கு, சில்லறை, ஒரு பட்டன் செல்போன்.

"மகன் பேசுறாரா பாட்டி?" என்று கேட்டதுதான் தாமதம். பொரிந்து தள்ளி விட்டார்!

"எங்க கண்ணு பேசறது? காசு போடலைன்னு வர்ற போனும் நின்னு போச்சாம். கடையில போய்க் கேட்டா இருநூறு ரூபா எடுங்கறான். நான் யாருக்கும் போன் போடறதே இல்ல. மவன் கூப்பிட்டா எடுப்பேன். அதுக்கா இருநூறு?"

இது பாட்டியின் புலம்பல் மட்டும் அல்ல. செஞ்சிக் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார். வியாபாரம் தெரிந்தவர்கள் சற்று யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31. கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு பேசினார். டெல்லியில் மந்திரி சுக்ராம் எடுத்தார். அப்போதெல்லாம் போன் வந்தாலும் காசு, போட்டாலும் காசு! பணக்காரர் கையில் மட்டுமே செல்போன் இருந்தது. 2003ல்தான் வருகிற போனுக்குக் காசு இல்லை என்று ஆயிற்று. அதன் பிறகுதான் கொத்தனார், கீரைக்காரி, மாட்டு வியாபாரி என்று எல்லார் கைக்கும் செல்போன் வந்து சேர்ந்தது.

அதே 2003ல் நோக்கியா கம்பெனி "1100" என்று ஒரு போன் விட்டது. கேமரா கிடையாது. ஆனால் டார்ச் லைட் உண்டு! கரண்ட் போனால் கிணற்றடிக்கு எடுத்துப் போகலாம். தூசு புகாத பட்டன். உலகம் முழுவதும் 25 கோடி போன் விற்றது. வாங்குகிறவன் வீட்டில் என்ன இல்லை என்று பார்த்துச் செய்த சரக்கு அது. (பிற்பாடு டச் போன் வந்தபோது அதே நோக்கியா கோட்டை விட்டதும், 2006ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை 2014ல் மூடப்பட்டதும் தனிக் கதை.)

கடலூர் சொன்ன பாடம்

சின்னச் சின்னதாக விற்றால் பெரிய வியாபாரம் என்பதை நமக்குச் சொல்ல வெளிநாட்டு நிபுணர் யாரும் வரவேண்டாம். பக்கத்தில் இருக்கிற கடலூர் போதும். ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரர் வீடு என்று இருந்த காலத்தில், அதைப் பாக்கெட்டில் அடைத்தார் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் 15 ஆயிரம் ரூபாய் முதலோடு "சிக்" ஷாம்பு தொடங்கினார். 50 காசுக்குக்கூட பாக்கெட் விற்றார். பெட்டிக்கடை தோறும் சரம் சரமாகத் தொங்கியது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் பின்னால் ஓடி வந்தன!

செல்போன் கம்பெனிகளும் இந்தப் பாடத்தைப் படித்தவைதான். பத்து ரூபாய் ரீசார்ஜ் என்பது ஷாம்பு பாக்கெட் அல்லாமல் வேறு என்ன?

படித்ததை மறந்தது 2018 நவம்பரில். 28 நாளைக்கு ஒரு தடவை குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் வருகிற போனும் வரும் என்றார்கள். 35 ஏறி ஏறி, 2024 ஜூலையில் 199 ஆனது. மாதம் என்றால் 30 நாள் என்று நாம் படித்தோம். இவர்களுக்கு மட்டும் 28! அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். கணக்குப் போட்டால் 2,587 ரூபாய். முதியோர் பென்ஷன் 2023ல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அதில் ஆறில் ஒரு பங்கு போனுக்கே போகிறது. 2003ல் இலவசமான "இன்கமிங்" புறவாசல் வழியாக மறுபடியும் காசு கேட்கிறது!

அந்த 199க்கு நெட்டும் சேர்த்துத் தருகிறார்களே என்பார்கள். பட்டன் போனில் அந்த நெட்டை வைத்துப் பாட்டி என்ன செய்வார்?

கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. 2016ல் தொடங்கிய விலைப் போட்டியில் பல கம்பெனிகள் காணாமல் போயின. டவருக்கும் 5ஜிக்கும் கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 300 ரூபாயாவது வரவேண்டும் என்கிறார்கள். வரட்டும். ஸ்மார்ட் போனில் நாள் பூரா படம் பார்ப்பவரிடம் வாங்கட்டுமே!

தேசிங்கு ராஜா போருக்கு உத்தரவு கேட்க வந்தபோது, சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். 2024 ஜூலையில் விலை ஏறியதும் வாடிக்கையாளர்களும் அப்படித்தான் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஒரே மாதத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் சேர்ந்து இழந்தது 38 லட்சம் இணைப்புகளுக்கு மேல். பி.எஸ்.என்.எல்.லுக்குக் கூடியது சுமார் 29 லட்சம். அங்கே டவர் சரியில்லை என்று பிறகு திரும்பி வந்தவர்களும் உண்டு. மனசு வந்து வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தார்கள்.

2024 டிசம்பரில் டிராய் தலையிட்டது. நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனித் திட்டம் போடு என்று உத்தரவிட்டது. நாட்டில் அப்போது பட்டன் போன்காரர்கள் சுமார் 15 கோடி பேர்! கம்பெனிகளும் 2025 ஜனவரியில் திட்டம் போட்டன. எப்படி? ஒன்றில் 84 நாளைக்கு 469 ரூபாய். மொத்தமாகக் கட்டு!

ஒரு நாளைக்கு என்று வகுத்தால் ஐந்தரை ரூபாய் சொச்சம். 199 திட்டத்தில் ஏழு ரூபாய்க்கு மேல் ஆகிறது. மலிவுதான். ஆனால் ஷாம்பு பாட்டிலும் அளந்து பார்த்தால் மலிவாகத்தான் இருக்கும்! கையில் மொத்தமாகக் காசு இல்லாதவனுக்கு அந்த மலிவு எட்டாது. 200க்கே மலைக்கிற பாட்டி 469க்கு எங்கே போவார்?

அதே விலையிலேயே ஏழு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். 39 ரூபாய் வருகிறது. 40 ரூபாய்க்கு ஒரு வாரப் பாக்கெட் போட்டால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கடைக்காரர் கமிஷனுக்கு வேண்டுமானால் இன்னும் ஒரு ரூபாய் சேர்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை துளசி மாலை விற்ற காசு அன்று சாயங்காலம் பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கும். அதில் 40 ரூபாய் எடுத்துக் கொடுக்க அவர் தயார். வாங்கிப் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிற கம்பெனி எது?